இரண்டு இரவு, கார் இல்லாமல்: கில்கென்னியா, கின்சேலா, வெஸ்ட்போர்ட்டா?

"அக்கா, ரெண்டு ராத்திரி ஹோட்டல்ல தங்குற மாதிரி பழைய ஊர் ஒண்ணு சொல்லுங்க. கார் கிடையாது. நடந்தே பார்க்கணும்." டப்ளினுக்கு வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன ஒரு தம்பி கேட்டான். அவனும் மனைவியும் ஏற்கெனவே மூன்று ஊர்களைக் குறித்து வைத்திருந்தார்கள்: கில்கென்னி, கின்சேல், வெஸ்ட்போர்ட். படங்களைப் பார்த்துப் பார்த்தே இரண்டு வாரம் போய்விட்டது. முடிவு மட்டும் வரவில்லை.

இதே மூன்று பெயர்களோடு இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மூன்றும் அயர்லாந்தின் பழைய ஊர்கள். மூன்றுக்கும் நான் போய்த் தங்கியிருக்கிறேன். மூன்றுமே படத்தில் அழகு. அதனால் படம் உதவாது. எந்த ஊர் அழகு என்பதை விட்டுவிட்டு, இரண்டு நாளில் நம் கால்கள் எங்கே எவ்வளவு நேரம் நடக்கப்போகின்றன என்று பார்த்தால் பதில் தெளிவாகிறது.

## எதை வைத்துத் தேர்வது

முதலில் நேரக்கணக்கு. வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு மாலை திரும்புகிறீர்கள் என்றால் அது ஏறக்குறைய 48 மணி நேரம். தூக்கம், சாப்பாடு, குளியல், பயணம் எல்லாம் போக, வெளியில் சுற்றுவதற்கு மிஞ்சுவது பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம்தான். பயணத்துக்கு ஒரு மணி நேரம் கூடினால் போகவர இரண்டு மணி நேரம் அதிலிருந்து கழியும்.

இரண்டாவது, பார்க்க வேண்டியவை நடைவழியிலேயே இருக்கின்றனவா என்பது. சில ஊர்களில் தெருவே வரலாறு, நடந்தாலே போதும். சில ஊர்களில் ஊர் ஓரிடம், பார்க்க வேண்டியது வேறிடம்.

மூன்றாவது, மழை. அயர்லாந்தின் கிழக்குப் பாதியில் ஆண்டுக்கு 750 முதல் 1000 மில்லிமீட்டர் வரை மழை; மேற்கில் 1000 முதல் 1400 வரை. சென்னையில் பெய்வதுபோல ஒரே மாதத்தில் கொட்டித் தீர்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் தூறலாகப் பிரிந்து விழும். ஆகவே "மழை வந்தால்" என்று யோசிக்காதீர்கள், "மழை வரும்போது" என்று யோசியுங்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒதுங்கி நின்று பார்க்க ஊருக்குள் ஏதாவது இருக்கிறதா?

நான்காவதுதான் என் பார்வையில் மிக முக்கியம்: மாலை ஐந்து மணிக்குப் பிறகு என்ன செய்வீர்கள்? கோட்டைகளும் அருங்காட்சியகங்களும் காபிக் கடைகளும் ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் சாத்திவிடுவார்கள். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலேகாலுக்குள் இருட்டிவிடும். ஜூன் என்றால் ஐந்து மணிக்கு மேல் இன்னொரு முழு நடை பாக்கி இருக்கிறது. டிசம்பர் என்றால் அந்த நேரம் முழுவதும் ஹோட்டலும் அதைச் சுற்றி இருக்கும் இரண்டு தெருக்களும்தான் உங்கள் ஊர்.

ஐந்தாவது, ஹோட்டல் பில்லில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் செலவுகள். ஊர்களைப் பார்த்த பிறகு அதைத் தனியாகச் சொல்கிறேன்.

## கில்கென்னி: தெருவிலேயே எட்டு நூற்றாண்டு

டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கில்கென்னி நிலையத்துக்கு, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சிக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட தாமஸ் மக்டோனாவின் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஜான் தெரு வழியாக இறங்கி நோர் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால், கோட்டை தலைக்கு மேல் நிற்கும். பெட்டியை இழுத்துக்கொண்டே கால் மணி நேரத்தில் வந்துவிடலாம்.

இந்த ஊரின் பெரிய வசதி அதன் வடிவம். தெற்கு முனையில் கோட்டை, வடக்கு முனையில் புனித கேனிஸ் பேராலயம், நடுவில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். இடைக்காலத்தின் முக்கியமான கட்டடங்கள் பெரும்பாலும் இந்தக் கோட்டிலோ அதிலிருந்து இரண்டு நிமிட நடையிலோ இருக்கின்றன. வழி தப்ப முடியாது. வரைபடம்கூட வேண்டாம்.

கோட்டையைக் கல்லில் கட்டத் தொடங்கியவர் வில்லியம் மார்ஷல், 1195 வாக்கில். நான்கு மூலைக் கோபுரங்களில் மூன்று இன்றும் இருக்கின்றன. 1391-ல் பட்லர் குடும்பம் வாங்கி, 1935 வரை அங்கே வாழ்ந்தது. 1967-ல் அந்தக் குடும்பமே அதை ஊர் மக்களின் மீட்புக் குழுவுக்கு 50 பவுண்டுக்கு எழுதிக் கொடுத்தது. கிட்டத்தட்ட ஆறு நூற்றாண்டு ஒரே குடும்பத்திடம் இருந்த கோட்டையின் பூங்காவில் இப்போது ஊர்க் குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள். பூங்காவுக்குள் போகக் கட்டணம் இல்லை. கோட்டைக்குள் போகத்தான் டிக்கெட்.

கோட்டையிலிருந்து ஹை ஸ்ட்ரீட்டில் நடந்தால் 1761-ல் கட்டிய தோல்செல் மண்டபம், நடைபாதைக்கு மேலேயே தூண்கள் ஊன்றி நிற்கும். மழைக்கு ஒதுங்க நல்ல இடம். அதற்குப் பக்கத்தில் பட்டர் ஸ்லிப் என்ற குறுகலான படிச்சந்து. ஒரு காலத்தில் இரு பக்கமும் வெண்ணெய் விற்றதால் அந்தப் பெயர். கீழே இறங்கினால் கீரன் தெரு; அங்கேதான் ஆலிஸ் கைட்டலரின் பெயரைத் தாங்கிய விடுதி இருக்கிறது. 1324-ல் அந்தச் செல்வந்தப் பெண்மீது ஆயர் (பிஷப்) சூனியக் குற்றம் சாட்டினார். ஆலிஸ் தப்பிப் போய்விட்டாள். அவளுடைய பணிப்பெண் பெட்ரோனிலாவைப் பிடித்துச் சாட்டையால் அடித்து உயிரோடு எரித்தார்கள். தெருவில் ஆலிஸின் பெயர்தான் கண்ணில் படுகிறது. அந்த வழியாகப் போகும்போது பெட்ரோனிலாவையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பார்லமென்ட் தெருவில் ரோத் இல்லம். ஜான் ரோத் என்ற வணிகர் 1594-ல் தொடங்கி 1610 வரை, குடும்பம் பெருகப் பெருக ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வீடுகள், இடையே முற்றங்கள், பின்னால் நகர மதில் வரை நீளும் தோட்டம் என்று கட்டினார். தெருவிலிருந்து பார்த்தால் ஒரு முகப்புதான் தெரியும். உள்ளே போகப் போக வீடு நீண்டுகொண்டே போகும். நம் ஊர் முற்றம் வைத்த வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த அமைப்பு உடனே புரிந்துவிடும்.

அதைத் தாண்டினால் பிரெகா என்ற சின்ன ஓடை குறுக்கே வரும். பலர் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள். தயவுசெய்து அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் ஆங்கிலேயர் குடியேறிய நகரம், அந்தப் பக்கம் ஐரிஷ்டவுன். 1366-ல் இதே ஊரில் கூடிய மன்றம், இங்கே குடியேறிய ஆங்கிலேயர் ஐரிஷ் மக்களை மணக்கக் கூடாது, ஐரிஷ் மொழி பேசக் கூடாது என்று சட்டம் போட்டது. அப்படித் தடுக்க வேண்டிய அளவுக்கு இரு தரப்பும் கலந்து பழகியிருந்தார்கள் என்றும் அதிலிருந்து புரிந்துகொள்ளலாம். புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்தாலும் பதியாத விஷயம், அந்தப் பத்தடி ஓடையைக் கடக்கும்போது பதிந்துவிடும். நடந்து பார்க்கும் பயணத்துக்கு நான் கில்கென்னியை முதலில் சொல்வதற்கு இந்த ஓடையும் ஒரு காரணம்.

வடக்கு முனையில் 13-ஆம் நூற்றாண்டுப் பேராலயம். பக்கத்தில் அதைவிடப் பழைய உருளைக் கோபுரம், 30 மீட்டர் உயரம். அயர்லாந்தில் உள்ளே ஏறிப் போகக்கூடிய இத்தகைய கோபுரங்கள் மிகச் சிலவே. உள்ளே ஏணி போன்ற செங்குத்தான படிகள். தோளில் பெரிய பையோடு ஏற முடியாது, காற்றும் மழையும் பலமாக இருந்தால் மூடிவிடுவார்கள். அதனால் வானம் தெளிவாக இருக்கும் முதல் மணி நேரத்திலேயே ஏறிவிடுங்கள். ஞாயிறு காலை வழிபாடு நடக்கும். பார்வையாளர்கள் பிற்பகலில்தான் போகலாம்.

மழைக் கேள்வியில் கில்கென்னிக்கு முழு மதிப்பெண். கோட்டை, ரோத் இல்லம், பேராலயம், பழைய மரியன்னை தேவாலயத்தில் இயங்கும் இடைக்கால அருங்காட்சியகம், 1225-ல் டொமினிக்கன் துறவிகளுக்காக எழுந்த பிளாக் அபே என்று ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து பத்து நிமிட நடைக்குள். அப்புறம் இன்னொன்று: இந்த ஊரின் கறுப்புச் சுண்ணாம்புக்கல் புகழ்பெற்றது. அந்தக் கல் நனையும்போது அதற்குள் இருக்கும் பழங்காலக் கடலுயிர்களின் வெள்ளைத் தடங்கள் பளிச்சென்று தெரியும். மழையில்தான் அதன் அழகு.

குறை என்ன? சனிக்கிழமை இரவு. கல்யாணத்துக்கு முன் மணப்பெண் தோழிகளோடும் மணமகன் நண்பர்களோடும் கொண்டாட வரும் கூட்டத்துக்கு இந்த ஊர் பெயர்போனது. மைய ஹோட்டல்கள் சிலவற்றின் கீழ்த்தளத்திலேயே இரவு நடன அரங்கு இருக்கும். அறை முன்பதிவு செய்யும்போதே "தெருவைப் பார்க்காத, மேல்தளத்து அறை வேண்டும்" என்று எழுதிக் கேளுங்கள். ஜான் தெருப் பக்கம் சத்தம் அதிகம். கோட்டைக்கும் பேட்ரிக் தெருவுக்கும் அருகில் கொஞ்சம் அமைதி. மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் நகைச்சுவை விழா, ஆகஸ்டில் கலை விழா. அந்த நாட்களில் அறை வாடகை எகிறிவிடும். விழாவுக்காகவே போகிறீர்கள் என்றால் சரி. ஊரைப் பார்க்க என்றால் தவிர்த்துவிடுங்கள்.

## கின்சேல்: ஒரே ஒரு நடை, ஆனால் அதற்கு ஈடில்லை

கின்சேலுக்கு ரயில் இல்லை. இருந்த பாதையை 1931-ல் மூடிவிட்டார்கள். டப்ளினிலிருந்து கார்க் நகருக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம், அங்கே காத்திருப்பு, பிறகு 226 எண் பஸ்ஸில் முக்கால் மணி நேரத்துக்கு மேல். வாசலிலிருந்து வாசலுக்கு நாலு மணி நேரம் என்றே கணக்கு வையுங்கள். ஆனால் அந்த பஸ் கார்க் விமான நிலையம் வழியாகத்தான் போகிறது. லண்டனிலிருந்தோ ஐரோப்பாவின் வேறு நகரங்களிலிருந்தோ நேரே கார்க்கில் வந்து இறங்குபவருக்குக் கணக்கே தலைகீழ்: விமான நிலையத்திலிருந்து அரைமணி நேரத்தில் கின்சேல்.

ஊர் சின்னது. துறைமுகத்தைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் குறுகலான தெருக்கள், மஞ்சள், நீலம், சிவப்பு என்று வண்ணம் பூசிய வீடுகள். 1190 வாக்கில் எழுந்த புனித மல்டோஸ் தேவாலயம், 1500 வாக்கில் சுங்கச்சாவடியாகத் தொடங்கிப் பின்னாளில் போர்க்கைதிகளை அடைத்த டெஸ்மண்ட் கோட்டை, பழைய சந்தைக் கட்டடம். 1915 மே 7 அன்று இந்தக் கரைக்கு அப்பால் லூசிட்டானியா கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்தபோது, இறந்தவர்களுக்கான விசாரணை அந்தச் சந்தைக் கட்டடத்தில்தான் நடந்தது. எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாலும் அரை நாளில் முடிந்துவிடும்.

பிறகு அந்த நடை. ஊரிலிருந்து ஸில்லி பகுதி வழியாகக் கடலோரமாகச் சம்மர்கோவ் சென்று சார்லஸ் கோட்டை வரை, ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். ஒரு பக்கம் மரங்கள், மறுபக்கம் படகுகள் நிற்கும் நீர், நடுவில் ஒற்றையடிப் பாதை. கடைசியில் ஒரு செங்குத்தான ஏற்றம். முட்டிவலி இருப்பவர்களுக்கு அந்த ஏற்றம் மட்டும் சிரமம்.

சார்லஸ் கோட்டை 1677-ல் கட்டத் தொடங்கிய நட்சத்திர வடிவக் கோட்டை; வடிவமைத்தவர் வில்லியம் ராபின்சன். கடலிலிருந்து வரும் கப்பல்களை நோக்கியே அதன் பலம் முழுவதும் அமைந்தது. நிலப்பக்கம் மேட்டு நிலம். மேட்டில் நின்று பார்த்தால் கோட்டையின் உட்புறமே தெரியும். 1690-ல் ஆங்கிலத் தளபதி ஜான் சர்ச்சில், பின்னாளில் மார்ல்பரோ கோமகன் (டியூக்) ஆனவர், அந்தப் பக்கத்திலிருந்துதான் தாக்கினார். பதின்மூன்று நாளில் கோட்டை விழுந்தது. நீங்கள் நடந்து ஏறிப்போய்ச் சேருவதும் அந்த மேட்டுப் பக்கம்தான். கோட்டையின் பலவீனம் வழிகாட்டியே இல்லாமல் புரிந்துவிடும். காரில் போய் இறங்குபவருக்கு இது தவறிப் போகும்.

கின்சேலின் பெயர் அயர்லாந்து வரலாற்றில் நிலைத்தது 1601-ல். ஆங்கிலேயரை எதிர்த்த ஐரிஷ் தலைவர்களுக்கு உதவ வந்த ஸ்பானியப் படை இங்கே இறங்கி ஊருக்குள் சிக்கிக்கொண்டது. வடக்கே அல்ஸ்டரிலிருந்து ஹியூ ஓ'நீலும் ஹியூ ஓ'டோனலும் குளிர்காலத்தில் நாட்டின் நீளம் முழுவதும் படை நடத்தி வந்தார்கள். ஆண்டின் கடைசியில் நடந்த போரில் தோற்றார்கள். ஆறு ஆண்டு கழித்து, 1607-ல், வடக்கின் தலைவர்கள் கப்பலேறி நாட்டை விட்டே போனார்கள். அவர்கள் நிலங்களில் பிரிட்டனிலிருந்து வந்தவர்களின் குடியேற்றம் தொடங்கியது. வடக்கு அயர்லாந்தில் பின்னால் நடந்த எவ்வளவோ விஷயங்களுக்கு வேர் இந்தத் தென்கோடித் துறைமுகத்தில் இருக்கிறது.

மழைக் கேள்வியில்தான் கின்சேல் தடுமாறுகிறது. சார்லஸ் கோட்டையில் பெரும்பகுதி கூரையில்லாத இடிபாடு. நடைவழி சேறாகும். ஊருக்குள் ஒதுங்க உணவகங்கள்தான் அதிகம். அவை நன்றாக இருக்கும். கடல் உணவுக்கு அயர்லாந்து முழுவதும் பெயர் பெற்ற ஊர். மறைவான செலவும் அதுதான். இரண்டு இரவுச் சாப்பாடு, ஒரு மதியச் சாப்பாடு என்று கூட்டிப் பார்த்தால் அறை வாடகையில் பெரும்பங்கு வந்துவிடும். சைவமாக இருந்தால் மெனுவை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. ஜனவரி, பிப்ரவரியில் வார நாட்களில் பல உணவகங்கள் மூடியிருக்கும். கோடையில் எதிர்ச் சிக்கல்: சனிக்கிழமை இரவு மேசை வேண்டுமென்றால் ஹோட்டல் பதிவு செய்யும் நாளிலேயே மேசையும் பதிவு செய்துவிடுங்கள்.

## வெஸ்ட்போர்ட்: ஊரைவிட ஊருக்கு வெளியே

டப்ளினிலிருந்து நேரடி ரயில், மூன்றேகால் மணி நேரம். மாறி ஏற வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் ஒரு நாளைக்குச் சில ரயில்களே உண்டு, ஒன்றைத் தவறவிட்டால் பாதி நாள் போச்சு. நிலையத்திலிருந்து ஊர் மையம் பத்து நிமிட நடை.

மற்ற இரண்டும் தானாக வளர்ந்த ஊர்கள். இது 18-ஆம் நூற்றாண்டில் பிரௌன் என்ற நிலக்கிழார் குடும்பம் திட்டமிட்டுக் கட்டிய ஊர். காரோபெக் ஆற்றைக் கல்கரைகளுக்குள் கட்டி, இரு கரையிலும் மரங்கள் வைத்து, மேலே எட்டுக்கோணச் சந்தைவெளி அமைத்தார்கள். ஆற்றங்கரை மரநிழலில் நடப்பது மனதுக்கு இதமானது. அவர்களுடைய மாளிகையான வெஸ்ட்போர்ட் ஹவுஸ், கடல்தலைவி கிரேஸ் ஓ'மாலியின் குடும்பக் கோட்டை இருந்த இடத்தில் நிற்கிறது. 1593-ல் எலிசபெத் அரசியை நேரில் சந்தித்துப் பேசிய அதே கிரேஸ்தான். பிரௌன்கள் தங்களை அவள் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். அதே குடும்பத்துக்கு ஜமைக்காவில் அடிமைகள் உழைத்த தோட்டங்கள் இருந்தன என்பதையும் மாளிகையைப் பார்க்கும்போது மறக்க முடியாது. மாளிகைக்குள் போக முடிகிறதா என்பதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தோட்ட நடை தனி.

ஊருக்குள் பார்க்க ஒரு காலை போதும். மக்கள் இங்கே வருவது ஊருக்கு வெளியே போவதற்கு. 1937-ல் மூடிய பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றி, ஆக்கில் தீவு நோக்கி 42 கிலோமீட்டர் நீளத்தில் போட்டிருக்கிறார்கள். அதில் நியூபோர்ட் வரை பன்னிரண்டு கிலோமீட்டர் போல. நடந்து போய் பஸ்ஸில் திரும்பலாம், அல்லது சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம். எட்டு கிலோமீட்டர் தள்ளி கிரோ பேட்ரிக், 764 மீட்டர் உயரப் புனித மலை. உச்சிக்கு அருகில் காலுக்குக் கீழே கற்கள் சரியும். ஏறி இறங்க மூன்றரை நாலு மணி நேரம் வேண்டும், நல்ல பூட்ஸும் வேண்டும். ஜூலை கடைசி ஞாயிறு யாத்திரை நாள். பக்திக்காக என்றால் அன்று போங்கள், அமைதிக்காக என்றால் அன்று போகவே போகாதீர்கள்.

இங்கே மறைவான செலவு, அந்த மலை கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பது. டாக்சி, சைக்கிள் வாடகை, மழைச்சட்டை என்று "நடந்தே பார்க்கும்" திட்டம் மெல்ல மாறிவிடும். மேற்கு மழையும் சேர்ந்தால் அதுவும் நடக்காது. மூன்று இரவு கிடைத்தால் வெஸ்ட்போர்ட் அருமையான ஊர். இரண்டு இரவில், போகவர ஆறரை மணி நேரம் ரயிலில் கழித்துவிட்டு, எனக்கு மனம் நிறையவில்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | கில்கென்னி | கின்சேல் | வெஸ்ட்போர்ட் |
|---|---|---|---|
| டப்ளினிலிருந்து | ரயில், ஒன்றரை மணி | ரயில் + பஸ், ஏறக்குறைய 4 மணி | ரயில், மூன்றேகால் மணி |
| ஊருக்குள் நடைக்கு | ஒன்றரை நாள் | அரை நாள், கோட்டை நடை தனி | ஒரு காலை |
| மழை வந்தால் | கவலையில்லை | உணவகம்தான் | சிரமம் |
| கோடை மாலை | ஆற்றங்கரை நடை | துறைமுகம், மிக அழகு | ஆற்றங்கரை, இசை |
| குளிர்கால மாலை | கலகலப்பு | பல இடங்கள் மூடல் | பப்களில் இசை |
| மறைவான சிக்கல் | சனி இரவுச் சத்தம் | சாப்பாட்டுச் செலவு | ஊருக்கு வெளியே இழுக்கும் |

## ஊர் முடிவான பிறகு: எந்த ஹோட்டல்

தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். எனக்கும் நடந்திருக்கிறது. "ஊரிலிருந்து ஐந்து நிமிடம்" என்று போட்டிருந்த ஓர் ஹோட்டலைப் பதிவு செய்தேன். நீச்சல்குளம், பெரிய அறை, மைய ஹோட்டல்களைவிடக் குறைந்த வாடகை. போன பிறகுதான் தெரிந்தது, ஐந்து நிமிடம் என்பது காரில். நடந்தால் அரைமணி நேரம், அதில் பாதி தூரம் சுற்றுச்சாலை ஓரம், ஓரிடத்தில் நடைபாதையே இல்லை. முதல் நாள் மாலை இருட்டில் லாரிகள் உரசிப் போகும் சாலையில் நடந்து வந்தபோது நிஜமாகவே பயந்துவிட்டேன். அடுத்த நாள் முழுக்க டாக்சி. வாடகையில் மிச்சம் பிடித்தது டாக்சிக்கே போனது. மதியம் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் காலை நீட்டிவிட்டு மறுபடி கிளம்பும் சுகமும் போனது.

மைய ஹோட்டல். வாடகை அதிகம், அறை சிறியது, பழைய கட்டடம் என்றால் லிஃப்ட் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஈரமான சட்டையை மாற்ற, பையை வைக்க, கழிவறைக்கு என்று ஒரு நாளில் மூன்று முறை அறைக்கு வந்து போகலாம். நடந்து பார்க்கும் பயணத்துக்கு இதுதான் என் தேர்வு. பதிவு செய்யும் முன் வரைபடத்தில் ஹோட்டலிலிருந்து கோட்டைக்கோ துறைமுகத்துக்கோ நடை நேரம் பாருங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள்.

சுற்றுச்சாலை ஹோட்டல். சிறு குழந்தைகளும் காரும் இருந்தால் இதுவே மேல். மழை நாளில் நீச்சல்குளம் குழந்தைகளைக் காப்பாற்றும். சனிக்கிழமை கல்யாண வரவேற்பு நடக்கும் ஹோட்டலா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இசை நள்ளிரவைத் தாண்டும்.

பி அண்ட் பி. வீட்டுக்காரரே காலையுணவு சமைத்துத் தருவார், ஊர்க் கதையும் சொல்வார். கின்சேலுக்கு இது மிகப் பொருத்தம். பகலில் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ள முடியாத இடங்களும் உண்டு, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி பில். அயர்லாந்தில் வாடகையைப் பல நேரம் ஆளுக்கு என்ற கணக்கில் விளம்பரம் செய்வார்கள், அறைக்கு என்று அல்ல. ஆளுக்கு 95 யூரோ என்றால் இருவருக்கு 190. தனியாகப் போனால் 95 என்று நினைக்காதீர்கள். ஒருவர் தங்குவதற்குக் கூடுதல் தொகை சேரும். "இரண்டு இரவு, காலையுணவு, ஓர் இரவுச் சாப்பாடு" என்ற தொகுப்பு இங்கே மிகவும் பரவலானது. கில்கென்னியிலும் வெஸ்ட்போர்ட்டிலும் அது நல்ல பேரம். கின்சேலில் வேண்டாம், ஊர் நிறைய நல்ல உணவகங்களை வைத்துக்கொண்டு ஹோட்டலிலேயே சாப்பிட எதற்குப் போவது? காலையுணவில் வரும் பிளாக் புட்டிங் பன்றி ரத்தத்தில் செய்தது, ஒயிட் புட்டிங்கிலும் பன்றியிறைச்சி உண்டு. சைவக் காலையுணவு வேண்டும் என்று முதல்நாள் இரவே சொல்லிவிட்டால் காளான், தக்காளி, பீன்ஸ், முட்டை என்று தனியாகத் தருவார்கள்.

அறை பொதுவாக மதியம் மூன்று மணிக்குத்தான் தருவார்கள். காலி செய்வது பதினொன்று, பன்னிரண்டு. இரண்டு நாளும் பெட்டியை வரவேற்பறையில் வைத்துவிட்டுச் சுற்றலாம். மைய ஹோட்டல் என்றால்தான் அதனாலும் பலன்.

## யாருக்கு எது

டப்ளினிலிருந்து கிளம்பும், காரில்லாத, முதல்முறையாக இப்படிப் போகும் இருவருக்கு என் பதில் கில்கென்னி. அக்டோபர் முதல் மார்ச் வரை என்றால் யோசிக்கவே வேண்டாம். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை அழைத்துப் போவதென்றாலும் இதுதான்: தூரங்கள் குறைவு, உட்கார இடம் நிறைய, பேராலயப் படிகளைத் தவிர ஏற்றமும் அதிகமில்லை.

கார்க்கில் விமானம் இறங்குபவர்களுக்கும், மே முதல் செப்டம்பருக்குள் போய்ச் சாப்பாட்டுக்குத் தாராளமாகச் செலவு செய்ய நினைக்கும் தம்பதிக்கும் கின்சேல். ஜூன் மாதம் இரவு எட்டு மணிக்கு சம்மர்கோவிலிருந்து ஊரை நோக்கித் திரும்பி நடக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே போகலாம்.

மூன்றாவது இரவு கிடைப்பவர்களுக்கு, மலையோ சைக்கிளோ பிடித்தவர்களுக்கு, வெஸ்ட்போர்ட்.

நாளைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் வெள்ளி, சனியை விட்டுவிட்டு ஞாயிறு, திங்கள் இரவுகளைப் பாருங்கள். வாடகை பெரும்பாலும் குறையும், கில்கென்னியின் கல்யாணக் கூட்டம் ஞாயிறு மதியமே ரயிலேறிவிடும். வங்கி விடுமுறைத் திங்கள்களை மட்டும் தவிர்க்க வேண்டும்: பெரும்பாலும் பிப்ரவரியின் முதல் திங்கள், ஈஸ்டர் திங்கள், மே, ஜூன், ஆகஸ்ட் மாதங்களின் முதல் திங்கள், அக்டோபரின் கடைசித் திங்கள். திங்களன்று சில சிறிய அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும் என்பதால், போக நினைக்கும் இடங்களின் நேரத்தைப் பார்த்து, ஞாயிறு பிற்பகலுக்கு பேராலயம், செவ்வாய் காலைக்கு ரோத் இல்லம் என்று மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

தம்பியும் மனைவியும் அப்படித்தான் போகிறார்கள்: நவம்பரில் ஒரு ஞாயிறு, கில்கென்னி, கோட்டையிலிருந்து ஐந்து நிமிட நடையில், தெருவைப் பார்க்காத பின்பக்க அறை. பிரெகா ஓடையை வரைபடத்தில் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.